பம்ப் மேல் விழும் பழி

நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் நண்பர் ஒருவர் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறார். லாரிக்குப் பேர்போன ஊர், வேலைக்குப் பஞ்சமில்லை. போன வருடம் ஒருநாள் போனில் கூப்பிட்டார். “பிரஷரே வரமாட்டேங்குதுங்ணா. சேஸிஸ்ல ஒட்டுன சேறு அசையவே மாட்டேங்குது. பம்ப்பு போயிருச்சு, வேற மாத்தணும். எது வாங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நேரில் போனேன். பம்ப்பின் சத்தத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. கன்னைக் கழற்றிவிட்டு ஓஸின் வாயை 20 லிட்டர் பெயின்ட் வாளிக்குள் விட்டு, கைபேசியில் விநாடிகளை எண்ணினோம். 40 விநாடியில் வாளி நிரம்பியது. நிமிடத்துக்கு 30 லிட்டர். பம்ப்பின் தகட்டில் அச்சடித்திருந்ததும் அதே 30தான். மூன்று வருடமாக உழைத்த பம்ப் இன்னும் சொன்ன சொல் தவறாமல் தண்ணீர் தந்துகொண்டிருந்தது. கோளாறு கன்னின் நுனியில் இருந்தது. போர்வெல் தண்ணீரோடு வந்த நுண்மணல் அங்கிருந்த பித்தளை நாசிலைத் தேய்த்துத் தேய்த்து அகலமாக்கியிருந்தது. புது நாசில் போட்டதும் பழைய வேகம் திரும்பிவிட்டது.

எட்டு மாதம் கழித்து அதே பம்ப் நிஜமாகவே போனது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் நாசில் எப்படிப் பம்ப்பின் பேரைக் கெடுக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பம்ப் தருவது தண்ணீரின் ஓட்டத்தை மட்டும்தான். அழுத்தம் பிறப்பது அந்த ஓட்டத்தை மறிக்கும் இடத்தில். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஓஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் பீய்ச்சியடிக்குமே, அது இதற்குப் பாதி உதாரணம்தான். வீட்டுக் குழாய் சாது. விரலால் மறித்தால் குறைவாகத் தண்ணீர் விட்டுவிட்டு இருந்துவிடும். வாட்டர் சர்வீஸ் பம்ப் அப்படி விட்டுக்கொடுக்காது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும். போகும் வழி குறுகல் என்றால், அளந்த தண்ணீர் முழுவதும் அந்த வழியே வெளியேறும்வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் துளை வழியே போக வேண்டுமென்றால் அது விநாடிக்கு 84 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர்! அந்த வேகத்துக்குத் தேவைப்படுகிற அழுத்தம் 35 பார். துளை பத்தில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக அகன்றால் போதும். பரப்பு 21 சதவீதம் கூடும், வேகம் அதே விகிதத்தில் தளரும், அழுத்தம் வேகத்தின் இருமடி என்பதால் 35 பார் 24 பாராக இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் அது. நியாயமாக நாசிலைச் சந்தேகிக்க வேண்டும். நாம் சந்தேகிப்பதோ சத்தம் போடுகிற பம்ப்பை.

கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கோயம்புத்தூர் மோட்டார் பம்ப் வேறு இனம். அதற்குள் இம்பெல்லர் சுழன்று தண்ணீரை வீசியெறிகிறது. வெளிவழியை மூடிவிட்டால் தண்ணீர் உள்ளேயே கொஞ்சநேரம் சுற்றிக்கொண்டிருக்கும், உடனே ஒன்றும் ஆகிவிடாது. வாட்டர் சர்வீஸ் பம்ப்புக்குள் இருப்பது பிளஞ்சர், நம் ஊர் உலக்கையின் தம்பி. உலக்கை உரலுக்குள் இறங்கினால் அங்கிருக்கும் தண்ணீர் எங்கேயாவது போயே தீர வேண்டும். வழியில்லை என்றால் ஓஸோ, பம்ப்பின் தலையோ, எது பலவீனமோ அது வெடிக்கும். அதனால்தான் கன்னின் விசையை விட்டதும் தண்ணீரை வேறு வழியில் திருப்பிவிடும் ரெகுலேட்டர் ஒன்று பம்ப்பின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டு மெஷின்களில் இதை அன்லோடர் என்பார்கள்.

உலக்கை மூன்று. ஒரே உரலில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றி நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தாளம் உடனே பிடிபடும். ஒன்று இறங்கும்போது ஒன்று ஏறும், இன்னொன்று நடுவழியில் இருக்கும். ஏன் மூன்று, நான்கு இருந்தால் இன்னும் சீராக வருமே என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் வேடிக்கையான விடை வருகிறது. கிராங்க் ஒரே சீராகச் சுற்றுகிறது என்று கொண்டால், மூன்று பிளஞ்சர்கள் சேர்ந்து தள்ளும் ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் சராசரியில் 14 சதவீதம். நான்கு போட்டால் அது 33 சதவீதத்துக்கு அருகில் போய்விடுகிறது! இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்கும்போது மேடும் மேடும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடுகின்றன. ஒற்றைப்படையில் ஒன்றின் பள்ளத்தை இன்னொன்றின் மேடு நிரப்புகிறது. அதையும் மீறி மிஞ்சும் துடிப்பைத் தாங்கத்தான் பெல்ட் பம்ப்புகளின் தலையில் காற்று நிரம்பிய குமிழ் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

இந்த உலக்கைக்கு வரும் பாரத்தையும் பார்த்துவிடுவோம். 30 மில்லிமீட்டர் விட்டம், 16 மில்லிமீட்டர் நகர்வு, நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்து நம் 30 லிட்டரைத் தருகின்றன. 35 பாரில் ஒவ்வொரு பிளஞ்சரின் தலையிலும் ஏறும் சுமை சுமார் 250 கிலோ. விநாடிக்கு 15 முறை இரண்டரை குவிண்டாலைத் தூக்கி வைக்கிற வேலை. இத்தனைக்கும் நடுவே தண்ணீர் பின்பக்கமாகக் கசியாமல் தடுப்பது, ரப்பரும் துணியும் சேர்ந்த ஒரு பேக்கிங் வளையம். சைக்கிள் பம்ப்பில் வாஷர் தண்டோடு சேர்ந்து நகரும், உருளையின் உட்சுவரைத் தேய்க்கும். பிளஞ்சர் பம்ப்பில் பேக்கிங் ஓரிடத்தில் நிற்கிறது, வழவழப்பான தண்டு மட்டும் அதனூடே போய்வருகிறது. இதனால் உருளை முழுவதையும் கண்ணாடிபோலக் கடைந்தெடுக்கத் தேவையில்லை; தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். இங்கிலாந்தில் சாமுவேல் மோர்லண்ட் 1675-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1950-இல் ஜெர்மனியில் ஆல்பிரட் கார்ச்சர் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயரழுத்தக் கழுவு இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது மோர்லண்டின் யோசனைக்கு வயது கிட்டத்தட்ட 275.

நண்பரின் பம்ப்புக்கு என்ன ஆனது? ஐப்பசி மழையில் சாரல் படுகிறதென்று அதை ஷெட்டுக்குள் இருபது அடி தள்ளி வைத்திருக்கிறார். பழைய உறிஞ்சு ஓஸ் எட்டவில்லை. கையில் அரை அங்குல ஓஸ் ஒன்று கிடைத்தது, அதை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து பம்ப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி சத்தம். “புது இடம்ல, செட்டாகிடும்னு நெனச்சேங்ணா” என்றார். செட்டாகவில்லை. ஆறு வாரத்தில் வால்வு உட்காரும் இடங்களெல்லாம் அம்மைத்தழும்பு விழுந்த மாதிரி குழிகுழியாகிவிட்டன.

பலரும் கவனிக்காத இடம் இதுதான். தள்ளும் பக்கம் பம்ப்புக்கு 35 பார், 150 பார் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பலம் இருக்கலாம். உறிஞ்சும் பக்கம் அதற்குக் கிடைப்பது வெறும் ஒரு பார்தான். தண்ணீரை உள்ளே தள்ளிவிடுவது வெளியே இருக்கும் காற்று மண்டலம்; பம்ப் செய்வதெல்லாம் பின்வாங்கி இடம் கொடுப்பது மட்டும். அந்த ஒரு பாரில் ஓஸின் உராய்வுக்கு, வலையின் தடைக்கு, ஏற்றத்துக்கு என்று பங்கு போய்க்கொண்டே இருக்கும். அரை அங்குல ஓஸில் நிமிடத்துக்கு 30 லிட்டரை இருபது அடி இழுக்க, உராய்வுக்கு மட்டுமே 0.7 பாருக்கு மேல் செலவாகிறது. அதே ஓஸ் ஒரு அங்குலமாக இருந்தால் ஆகும் செலவு ஏறத்தாழ அதில் 32-இல் ஒரு பங்கு! ஓஸின் விட்டம் பாதியானால் உராய்வு இருமடங்கு ஆவதில்லை, கிட்டத்தட்ட 32 மடங்கு ஆகிறது.

மிஞ்சியது கால் பாருக்கும் கொஞ்சம் மேல். சராசரிக் கணக்குக்கு அது போதும் என்று தோன்றும். பிளஞ்சர் சராசரியாக உறிஞ்சுவதில்லை, வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்பின் உச்சத்திலும் உள்ளே அழுத்தம் இன்னும் கீழே போய், தண்ணீர் அந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழிகளாகிவிடுகிறது. 30 டிகிரித் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 0.04 பாருக்கு இறங்க வேண்டும். 60 டிகிரித் தண்ணீருக்கு 0.2 பாரே போதும். ஆகவே மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியில் சித்திரை வெயில் காய்ச்சிய தண்ணீரை அப்படியே பம்ப்புக்கு விடுவது ஆபத்தை அழைப்பதுதான். அடுத்த நொடிப்பொழுதில் பிளஞ்சர் திரும்பித் தள்ளும்போது அந்தக் குமிழிகள் நசுங்குகின்றன. நசுங்கும் இடத்தில் அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்து உலோகத்தைக் கொத்துகிறது. கப்பல் புரொப்பல்லர்களைக் குழிகுழியாகத் தின்றதும் இதே விஷயம்தான். குமிழி நசுங்கும்போது பிறக்கும் அழுத்தத்துக்கு 1917-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ராலே பிரபு. பொறியியல் பாடத்தில் இதற்குப் பெயர் கேவிட்டேஷன். மெக்கானிக்குகள் ‘பம்ப்பு கல்லு கடிக்குது’ என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

உறிஞ்சு பக்கத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. அங்கே கிளிப் தளர்ந்தால் தண்ணீர் சொட்டாது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். ஓடும்போது இணைப்பின்மேல் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். நுரை உள்ளே இழுபட்டால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

வீட்டில் கார் கழுவ வைத்திருக்கும் சின்ன மெஷின்கள் சாவது பெரும்பாலும் வேறு விதத்தில். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கக் கன் விசையை விட்டுவிட்டுப் போன் பேசப் போய்விடுவார்கள். அன்லோடர் அதே அரை லிட்டர் தண்ணீரைப் பம்ப் தலைக்குள்ளேயே சுற்றவிடும். உராய்வில் 500 வாட் அந்தத் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 14 டிகிரி வீதம் சூடேறும். 30 டிகிரியிலிருந்து 60-ஐத் தொட இரண்டு நிமிடம் சொச்சம். சீல்கள் இளக ஆரம்பிப்பது அந்தச் சூட்டில்தான். சில பம்ப்புகளில் அந்த வெப்பநிலையில் திறந்து சுடுதண்ணீரை வெளியே துப்பும் வால்வு ஒன்று இருக்கும். அது துப்புவதைப் பார்த்து ‘லீக் ஆகுது’ என்று அதை அடைத்துவிடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். விசையை விட்டதும் மோட்டாரே நின்றுவிடும் மெஷின் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. பெல்ட் பம்ப்பில் திரும்பும் தண்ணீரை மறுபடி, அது வந்த டிரம்முக்கே கொண்டுபோய் விட்டால் சூடும் ஏறாது, காற்றும் பிரிந்துவிடும். குழாய் மிச்சம் பிடிக்க அதை உறிஞ்சு ஓஸிலேயே இணைப்பது வேண்டாம்.

இனி புதுப் பம்ப். நண்பர் வால்வு கிட் மட்டும் மாற்றித் தப்பிக்கத்தான் பார்த்தார். பல சமயம் அது போதும். ஓட்டம் வெட்டி வெட்டி வந்தால் ஆறு வால்வுகளில் ஒன்றில் கல்லோ துருவோ சிக்கியிருக்கும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறினால் பேக்கிங்கோ ஆயில் சீலோ போயிருக்கும். இதற்கெல்லாம் பம்ப்பைத் தூக்கியெறிவது அநியாயம். இவர் கேஸில் வால்வு உட்காரும் இடங்கள் தலையோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை, தனியாகக் கிடைக்காது. தலையின் விலைக்குக் கொஞ்சம் சேர்த்தால் முழுப் பம்ப்பே வந்துவிடும்.

“மாத்தறதுதான் மாத்தறோம், 40 லிட்டர் பம்ப்பா போட்டுறலாமுங்ளா?” என்று கேட்டார். மோட்டார் அதே 3 எச்.பி. இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு கைகொடுக்கிறது. பாரையும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச்சேரும் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 35 பார், 30 லிட்டர் என்றால் 1.75 கிலோவாட். பம்ப்பில் வீணாவதற்கு நூற்றுக்குப் பதினைந்து ஒதுக்கினால் மோட்டாரிடம் கேட்பது 2.06 கிலோவாட், அதாவது 2.8 எச்.பி. மூன்று எச்.பி.க்குள் அடங்கிவிட்டது. அதே 35 பாரில் 40 லிட்டர் கேட்டால் 3.7 எச்.பி. ஆகிவிடும். மோட்டாரை மாற்றாமல் பம்ப்பைப் பெரிதாக்குவது, மாட்டை மாற்றாமல் வண்டிப் பாரத்தை ஏற்றுவது மாதிரி.

கடையில் சின்ன மெஷின் வாங்கும்போதும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெட்டியின்மேல் 1,800 வாட், 150 பார், 8 லிட்டர் என்று போட்டிருக்கும். பெருக்கி வகுத்தால் 2,000 வாட் வருகிறது. மின்சாரமாக உள்ளே போவதைவிடத் தண்ணீராக வெளியே வருவது அதிகம்! இயற்பியல் இதற்கு இடம் தராது. 150 என்பது வழியை அடைத்தபோது ஒரு கணம் தொட்ட உச்சம். 8 லிட்டர் என்பது நாசில் இல்லாமல் ஊற்றியது. வேலை செய்யும்போது உள்ள அழுத்தம், வேலை செய்யும்போது உள்ள ஓட்டம் என்று தனியே எழுதியிருந்தால் அதை மட்டும் நம்பலாம்.

புல்லியை மாற்றி வேகம் கூட்டுவது இன்னொரு குறுக்குவழி. மோட்டார் 1,440 சுற்று, அதில் 5 அங்குலப் புல்லி, பம்ப்பில் 8 அங்குலப் புல்லி என்றால் பம்ப்புக்கு 900 சுற்று. யாராவது மோட்டார் புல்லியை 6 அங்குலமாக்கினால் 1,080. இருபது சதவீதம்தானே? அதே நாசிலில் ஓட்டம் 20 சதவீதம் கூடினால் அழுத்தம் 44 சதவீதம் கூடும்; இரண்டின் பெருக்கலான திறன் 73 சதவீதம் கூடும். ரெகுலேட்டர் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் காப்பாற்றும். ‘தண்ணி திரும்புது’ என்று அதையும் இறுக்கிவிட்டால் மோட்டார் காயில் எரிந்துவிடும். என்னைக் கேட்டால் ஒரே ஓட்டத்தைத் தரும் இரண்டு பம்ப்புகளில் மெதுவாகச் சுற்றுவதையே வாங்குவேன். சின்ன மெஷின்களில் 2,800 சுற்றில் நேரடியாக மாட்டும் சாய்தட்டுப் பம்ப் விலை மலிவு, ஆயுள் குறைவு. தினமும் எட்டு மணிநேரம் ஓடுகிற கடைக்கு கிராங்க் வைத்த பெல்ட் பம்ப்தான் சரி.

அளவு பொருந்தாமல் கடைக்கும் வீட்டுக்கும் அலைவதைத் தவிர்க்க, பழைய பம்ப்பைக் கையோடு கொண்டுபோவதே உத்தமம். முடியாவிட்டால் ஷாஃப்டின் விட்டம், சாவியின் அகலம், போல்ட் துளைகளின் இடைவெளி, சுற்றும் திசை எல்லாவற்றையும் வெர்னியர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தலை அலுமினியமா பித்தளையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் உப்புத்தண்ணீருக்குப் பித்தளைதான். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. வண்டி கழுவும் போர்வெல்லை யாரும் சோதிப்பதில்லை. கெட்டிலில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு வால்விலும் படிகிறது. இதையெல்லாம்விட முக்கியமாக நான் பார்ப்பது, பேக்கிங்கும் வால்வு கிட்டும் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்பதைத்தான். ஸ்பேர் கிடைக்காத உயர்ந்த பம்ப்பைவிட ஸ்பேர் கிடைக்கும் நடுத்தரப் பம்ப் மேல்.

30 லிட்டர் பம்ப்பையே வாங்கினோம். ஆயில் துளையில் பயணத்துக்காகப் போட்டிருந்த அடைப்பைக் கழற்றி, மூச்சுத்துளை உள்ள மூடியைப் போட்டோம். இதை மறந்தால் உள்ளே சூடாகும் காற்று வழி தேடி ஆயில் சீலைத் தள்ளிவிடும். ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடியின் பாதி அளவுக்கு ஆயில். இரண்டு புல்லிகளுக்கும் நூல் பிடித்து நேர் பார்த்தோம். உறிஞ்சு பக்கம் கம்பிச்சுருள் வைத்த ஒரு அங்குல ஓஸ்; டிரம்மைப் பம்ப்பைவிட உயரமான மேடையில் ஏற்றினோம். சோப்பைப் பம்ப்புக்குள் விடாமல் பம்ப்பைத் தாண்டிய பிறகு கலக்கும்படி செய்தோம். முதல் ஆயிலை 50 மணிநேரத்தில் வடித்துவிடச் சொன்னேன். வடித்தபோது அதில் பட்டு மாதிரி உலோகத்தூள் மினுங்கியது. புது உறுப்புகள் ஒன்றோடொன்று பழகிய தூள், பயப்பட வேண்டியதில்லை. அப்புறம் தினமும் காலையில் கிரீஸ் கப்பை ஒரு திருகு திருக வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் கடைப் பையன்களிடம் கறாராகப் பேசினேன். ஓஸில் ஊசித்துளைக் கசிவைப் பார்த்தால் விரலால் தொட்டுப் பார்க்கவே கூடாது. இந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே அழுக்கும் கிருமியும் பரவியிருக்கும். கட்டுப்போட்டுவிட்டு வேலை பார்க்கிற காயமல்ல அது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது.

அன்று மாலை நாசில் மாட்டுவதற்கு முன் அதே பெயின்ட் வாளியை வைத்து நேரம் பார்த்தோம். பம்ப்புக்கு மேலே சுவரில், லாரிக்கு எழுதி மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டில் நண்பர் தேதியையும் ‘20 லி – 40 வி’ என்பதையும் எழுதினார். மாதம் ஒருமுறை அதன்கீழே ஒரு வரி சேர்கிறது. ஐந்து வரிகளில் 40, ஒன்றில் 41. சென்ற வாரம் போன் வந்தது. “46 வருதுங்ணா. பம்ப்பைப் பார்க்கலீங்க, மொதல்ல உறிஞ்சு ஓஸ் நுனியில இருக்குற ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தேன். வலை பூரா பாசி. கழுவி விட்டேன், மறுபடி 40.”